ராகு காலத்தில் தானா ஆன பில்டு

சுபாஷிணி எப்படிப்பட்டவள்னு கேட்டா, ஒரே வேலையை ரெண்டு தரம் செய்யச் சொன்னா மூக்குமேல கோபம் வர்ற பொண்ணு. பள்ளுருத்தியிலேர்ந்து பஸ்ல வருவா. கொச்சி மட்டாஞ்சேரியில ஒரு குருமிளகு குடோனுக்கு மாடியில எங்க சாஃப்ட்வேர் கம்பெனி. ரெண்டாயிரத்து மூணுல நானும் அவளும் ஒரே மேசை. தும்மித் தும்மி ப்ரோக்ராம் எழுதினோம், அந்தத் தும்மலுக்கே தனிச் சம்பளம் தரணும்!

ப்ரோக்ராம் எழுதறது ஒரு ஜன்னல்ல. எழுதினதை எல்லாம் சேர்த்து, ஓடற சாஃப்ட்வேரா ஆக்கறதுக்குப் பேர் பில்டு. அதுக்கு வேறொரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, கட்டளை கட்டளையா அடிக்கணும். முதலாளி சிவராமகிருஷ்ணன் சார் பஞ்சாங்கம் பார்த்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, தன் கையாலதான் அடிப்பார். ராகு காலத்துல பில்டா? சிவ சிவா!

"என்ன கூத்துடீ இது!"ன்னு சுபாஷிணி ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கட்டளைகளை ப்ரோக்ராம் எழுதற ஜன்னலோடயே இணைச்சுட்டா. சேவ் பண்ணினா போறும், பில்டு தானா ஆயிடும். சார்கிட்ட மூச்சு விடலை.

மறுநாள் மிளகு வியாபாரி ராசப்பன் சேட்டன், நாங்க எழுதின எடை சாஃப்ட்வேரைப் பார்க்க ஒன்பதரைக்கே வந்துட்டார். அவர் வாங்கினாத்தான் சுபாஷிணிக்கு வேலை நிலைக்கும்னு சார் முன்னமே சொல்லியாச்சு.

"சாக்கோட எடையைக் கழிக்கலையே மோளே! சாக்கையும் மிளகு விலைக்கா வாங்கறது?"ன்னார் சேட்டன். "எனக்குப் பத்து மணி படகைப் பிடிச்சு அக்கரைக்குப் போகணும், வேகம் ஆகட்டே."

ஒரு வரி சேர்த்தா தீர்ந்தது. ஆனா சார் குறுக்கே நின்னார். "பத்தரை வரைக்கும் ராகு காலம். பில்டு கிடையாது."

சுபாஷிணி வரியைச் சேர்த்து சேவ் பண்ணினா. திரைக்கு அடியில எழுத்தெல்லாம் குடுகுடுன்னு ஓடித்து. திறந்து பார்த்தா எடை சரியா இருக்கு!

"யாரு பில்டு பண்ணினா?"ன்னு சார் அலறினார்.

"யாரும் பண்ணலை சார். தானா ஆச்சு."

சார் முழிச்சார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார். "தானா பெய்யற மழைக்கு ராகு காலம் உண்டோ? நாம தொடங்கினாத்தானே தோஷம்!"னு அவரே தீர்ப்பும் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

"கொள்ளாம்!"னு மெச்சிண்டே சேட்டன் பேனாவைத் திறந்தார். சார் பாஞ்சு அவர் கையைப் பிடிச்சுண்டார். "ஐயோ, இப்போ கையெழுத்தா! கொழந்தே, இதையும் தானா ஆகறாப்பல பண்ண முடியுமோ?"

"முதல்ல என் வேலையை நிலையாக்குங்கோ சார்."

"அதுக்கும் பத்தரை ஆகணுமே!"

பத்து மணிப் படகு போயே போச்சு. சேட்டன் சாயா குடிச்சுண்டு சிரிச்சுண்டே உட்கார்ந்திருந்தார். பத்தரை அடிச்சதும் அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்தது சுபாஷிணியோட வேலை உத்தரவு. சார் பேனாவை வைக்கிறார், அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்துடுத்து! தும்மினா அபசகுனம்னு மனுஷர் மறுபடி பஞ்சாங்கத்தைத் திறந்துடுவாரே! ரெண்டு கையாலயும் மூக்கைப் பொத்திண்டேன். கண்ணுல தண்ணி வந்துடுத்து, ஆனா அவ வேலை நிலைச்சுது.