நடைவேகத்தில் மாமாவின் கார்

எங்கள் வீட்டில் இடம் போதாது என்பதால் நிச்சயதார்த்தத்தை ஓசூரில் மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். தட்டு மாற்றி முடித்து, பந்தி தொடங்குவதற்குள், மாமா என்னை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்கு அழைத்துப் போனார். மாமா என்று நான் சொல்வது என் கணவரின் அப்பாவை. அவர் தார்ப்பாயை விலக்கியதும், கரும்பச்சை நிறத்தில், இரண்டே சீட்டுகளோடு, கூரையில்லாத ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது தெரிந்தது. அவர் பிறப்பதற்கு முன்பே சீமையில் செய்த வண்டி. நான் ரேடியேட்டர் செய்யும் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன் என்பதை அன்றைக்குத்தான் யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, "ஓடுனா கொதிக்கல தாயி. நின்னு நின்னு போனா கொதிக்குது. என்ன நோவுன்னு பாத்துச் சொல்லு" என்றார். நான் பட்டுப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தேன். என்னைத் தேடி வந்த அம்மா ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, நிச்சயப் பொடவையில கிரீசு ஆவப் போவுது. இவங்க பொண்ணு பாக்க வந்தாங்களா, மெக்கானிக்கு பாக்க வந்தாங்களா?"

"ரெண்டுந்தான் சம்பந்தியம்மா" என்றார் மாமா, பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

மாமாவுக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். இளவயதில் ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் லேத்தில் நின்று, பிறகு சிப்காட்டில் சிறியதாகச் சொந்தப் பட்டறை போட்டவர். பெங்களூரில் ஒரு பங்களாவின் பின்புறத்தில் செடி முளைத்துக் கிடந்த அந்தக் காரை வாங்கி வந்து, பல வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து ஓட வைத்தார். கிடைக்காத பாகங்களைத் தானே கடைந்துகொண்டார். அப்படி வளர்த்த வண்டி ஒரு மாலையில் அவரைக் கைவிட்டது. அது மூத்த மகளின், அதாவது என் நாத்தனாரின், கல்யாணத்துக்கு முந்தைய மாலை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவது அவர்கள் வழக்கம். பேண்டு செட்டுக்குப் பின்னால் ஊர்ந்து வந்த கார் பாதி வழியில் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி நடந்தார்கள். "நல்ல காரியத்துக்குக் கெளம்புன வண்டி நடுவுல நின்னா என்ன அர்த்தம்?" என்று மாப்பிள்ளையின் அம்மா எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாராம். அந்தக் கேள்வி அன்றோடு முடியவில்லை. நாத்தனாரின் புகுந்த வீட்டில் மிக்ஸி பழுதானால் எழுந்து வந்தது. மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனபோதும் வந்தது. நாத்தனார் அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவே இல்லை.

இப்போது மகன் கல்யாணம். இதற்கும் அதே கார்தான் என்று மாமா பிடிவாதமாக நின்றார். அவர் மனைவிக்கு, அதாவது என் அத்தைக்கு, அதில் துளியும் விருப்பமில்லை. சொந்தக்காரர்கள் கிடைத்த இடத்தில் எல்லாம் வம்பிழுத்தார்கள். "பத்திரிகையில வண்டி தள்ளுறவங்க பேரையும் போட்டுரு மச்சான்" என்றார் ஒருவர். மாமா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். ஆனால் என்னிடம் தனியாக, "இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா, நின்ன எடத்துலயே எடைக்குப் போட்டுர்றேன் தாயி" என்று சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. காரைப் பற்றிய பெருமையில் பேசுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான் ஒப்புக்கொண்டேன். எனக்கும் பெருமை இருந்தது, மறைப்பானேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். சாமல்பட்டிப் பக்கத்து மாந்தோப்புகளில் கூலிக்குப் போனவர்கள் என் அம்மாவும் அப்பாவும். மகள் என்ன படித்திருக்கிறாள் என்று யாராவது கேட்டால், "மிசினுக்கெல்லாம் தண்ணி காட்டுற படிப்பு" என்பாள் அம்மா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நினைப்பில். அதைவிடச் சரியாக என் வேலையை இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த வேலையை என் புது வீட்டார் முன்னால் செய்து காட்ட ஒரு வாய்ப்பு வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஞாயிறுதோறும் மாமியார் வீட்டுக்குப் போய் வண்டிக்கு அடியில் படுத்துக்கிடக்கும் பெண்ணை ஊர் எப்படிப் பேசும் என்று அம்மா பயந்தாள். ஊர் பேசவும் செய்தது. நான் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

காரின் நோய் எளிதாகத் தெரிந்தது. பித்தளை ரேடியேட்டரின் குழாய்களில் உப்புப் படிந்து பல அடைத்திருந்தன. அதற்குப் பின்னால் என்ஜின் பெல்ட்டில் சுற்றும் ஒற்றை விசிறி. வண்டி மெதுவாகப் போகும்போது என்ஜின் மெதுவாகச் சுற்றும், விசிறியும் சோம்பலாகச் சுற்றும். கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே வேலையைப் பார்த்துவிடும். ஊர்வலத்தில் அந்தக் காற்று கிடையாது. நீள அகலம் மாறாமல் தடிமன் மட்டும் கூடிய அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வரைந்தேன். தெரிந்த பட்டறை ஒன்றில் அதைச் செய்து வாங்கினோம். பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு இரண்டு மின்விசிறிகளை மாட்டினோம். பக்கவாட்டில் காற்று நழுவிவிடாமல் சுற்றிலும் தகட்டுக் கூடு, சூடு ஏறினால் தானே விசிறியை ஓடவிடும் சுவிட்ச், இரண்டு விசிறிக்கும் மின்சாரம் போதுமாறு பழைய டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். தாங்கிகளை எல்லாம் மாமா செய்தார். எங்களுக்குள் வந்த ஒரே சண்டை, முன்பக்கத் தகட்டில் கொஞ்சம் வெட்டலாம் என்று நான் சொன்னபோதுதான். "என் வெரல வேணா வெட்டிக்க தாயி" என்றார். நான் மறுபடி உட்கார்ந்து வரைந்தேன்.

ஊர்வலத்தைச் சோதிக்க ஊர்வலம்தான் வேண்டும். ஒரு ஞாயிறு நடுப்பகலில் சிப்காட்டின் பின்பக்கச் சாலைக்குக் காரைக் கொண்டுபோனோம். மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் முதல் கியரில் அவர் பின்னாலேயே ஊர்ந்தேன். அவ்வப்போது அவர் நிற்பார், பேண்டு செட்டுக்காரர்கள் நின்று வாசிப்பதற்காக. நானும் நிற்பேன். பைக்கில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்து, "என்ன சார், சாமி மட்டும் வருது, மேளத்தக் காணோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சூடு காட்டும் முள் பாதிக்கு வந்தது, விசிறிகள் ஓடின, முள் அங்கேயே நின்றது. அந்த வெயிலில் எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

அப்போதுதான் ஒரு கணக்கு உதைத்தது. நாத்தனார் கல்யாணம் தை மாதத்தில். ஓசூரில் தை மாத மாலை எவ்வளவு குளிரும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அடைத்த ரேடியேட்டராகவே இருந்தாலும், அந்தக் குளிரில் அவ்வளவு சீக்கிரம் கொதித்திருக்கக் கூடாது. மர நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாமாவிடம் கேட்டேன். "அன்னைக்கு முன்னாடி ஏதாவது மறைச்சிருந்ததா மாமா?"

அவர் பாட்டிலை மூடினார். திரும்பவும் திறந்து மூடினார். "பூ" என்றார்.

காரின் மூக்கு முழுவதும் ரோஜாவால் பாய் பின்னியதுபோல் மூடியிருந்திருக்கிறது, ஒரு விரல் நுழைய இடமில்லாமல். அப்படித்தான் வேண்டும் என்று நாத்தனாரே படம் வரைந்து பூ அலங்காரம் செய்பவரிடம் கொடுத்திருக்கிறார். வண்டி நின்றதும் மாமா பூவைப் பிய்த்துப் பார்த்தபோது உள்ளே அனல் அடித்திருக்கிறது. "கல்யாணப் பொண்ணுகிட்டப் போயி, ஒன் பூவாலதான் நின்னுச்சுன்னு சொல்ல முடியுமா? வண்டி பழசுன்னுட்டேன். பழசுதான?" அந்தப் பழியை வண்டியின் மேலும் தன் மேலும் போட்டுக்கொண்டு இத்தனை வருஷக் கேலியையும் அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கும் அதே அலங்காரத்தை நாத்தனார் தளி சாலைப் பூக்காரரிடம் சொல்லியாகிவிட்டது, தனக்கு நடக்காதது தம்பிக்காவது நடக்கட்டும் என்று. "பூ வேணாம்னா ஏன்னு கேப்பா. கேட்டா தெரிஞ்சுரும். அவளுக்குத் தெரிய வேணாம் தாயி."

அவர் காப்பாற்ற நினைத்தது காரை அல்ல என்று அப்போது புரிந்தது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் காரின் முன்பக்கக் கிரில்லின் மேல் ஒரு சாக்கை இறுக்கிக் கட்டிப் பார்த்தேன். புது ரேடியேட்டரும் புது விசிறிகளும் இருந்தும் முள் ஏறிக்கொண்டே போனது. காற்றே வராவிட்டால் விசிறி எதை இழுக்கும்? மாமா மெல்லிய கம்பியில் ஒரு சட்டம் வளைத்தார், கிரில்லுக்கு ஒரு சாண் முன்னால் தள்ளி நிற்கும்படி. சாக்கை அந்தச் சட்டத்தில் கட்டினோம். மேலும் கீழும் பக்கங்களிலும் காற்று புகுந்தது. முள் பாதியில் நின்றது. பூக்காரர் பூவைச் சட்டத்தில் கட்டட்டும், கேட்பவர்களிடம் குரோம் பூச்சு கீறாமல் இருக்க என்று சொல்லிக்கொள்வோம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

ஊர்வலத்தன்று நானும் என் கணவரும் மடித்த கூரைத் துணியின் மேல் உட்கார்ந்திருந்தோம். மாமா ஓட்டினார். எல்லோரும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மணப்பெண் மாமாவின் தோளுக்கு மேலாக முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேண்டு செட் நாற்சந்தியில் நின்று வாசித்தது. என் கணவரின் நண்பர்கள் ஆடினார்கள், ஆடிக்கொண்டே இருந்தார்கள். முன்பு கார் நின்ற இடம் வந்தபோது வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நாத்தனார் பேச்சை நிறுத்தியதைக் கவனித்தேன். மாமாவின் கழுத்துப் பின்புறம் வேர்த்திருந்தது. விசிறிகள் ஓடத் தொடங்கும் சத்தம் மேளத்துக்கு அடியில் மெல்லக் கேட்டது. அந்த இடம் பின்னால் போனது. மண்டபத்து வாசலில் என் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். நான் இறங்கியதும், "நல்லாத் தண்ணி காட்டிட்டடி" என்று காதோரம் சொன்னாள்.

என்ஜினை அணைத்த பிறகும் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சரிந்த ஒரு பூச்சரத்தை எடுத்துக் கட்டக் குனிந்த நாத்தனார் அப்படியே நின்றுவிட்டார். சட்டத்துக்குப் பின்பக்கம் ரோஜா இதழ்கள் எல்லாம் கிரில்லைப் பார்த்து இழுபட்டு நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் அந்தச் சாண் இடைவெளிக்குள் கையை விட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தச் சந்து எதுக்கு?"

"குரோம் கீறாம இருக்கத்தான் அண்ணி."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நான் மாமாவைப் பார்த்தேன். நாத்தனாரும் அவரிடம் திரும்பினார். "அன்னைக்கு சந்தே விடலதான, அப்பா?"

"ரேடியேட்டர் அடைச்சிருந்துச்சும்மா. வேணும்னா மருமககிட்டக் கேளு."

"அடைச்சிருந்தது நெசந்தான் அண்ணி" என்றேன் நான்.

நாத்தனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் தண்ணீரோடு சிரிக்கத் தொடங்கினார். "என் ராசிதான்னு நெனச்சேம்ப்பா. ஒவ்வொண்ணுக்கும் என் ராசி, என் ராசின்னு. வெறும் காத்துதானா?"

 மகள் நோகக்கூடாது என்று மாமா மூடி வைத்திருந்ததுதான் அவளை இத்தனை நாள் நோகடித்தது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "ஆமாத்தா, வெறும் காத்துதான்" என்றார் கடைசியில். பின்னொரு நாள், இதை நான் எழுதலாமா என்று நாத்தனாரிடம் கேட்டபோது, "எழுது, எங்க மாமியாரும் படிக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு நாத்தனார் காரின் கதவைத் திறந்து, மாமாவுக்குப் பக்கத்து சீட்டில் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மண்டபத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு போகச் சொன்னார். மாமா சாவியைத் திருப்பினார். மண்டபத்து முகப்பில், முதல் வரிசை நாற்காலியில், நாத்தனாரின் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"வேகம் வேணாம்ப்பா" என்றார் நாத்தனார். "எங்க அத்தை நல்லாப் பாக்குற மாதிரி மெதுவாப் போங்க."