சுவருக்கு அந்தப் பக்கம் யாரு

எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நான் தனியாத் தூங்கினதே இல்ல. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துல, ஒட்டி ஒட்டிக் கட்டின எங்க லயத்து ஒத்தைக் காம்பராவுல அம்மா, அப்பா, தம்பி, நான், எல்லாரும் வரிசையாப் பாய் போட்டுத்தான் படுப்போம். பதுளையில படிச்சப்பவும் ஹொஸ்டல் ரூம் நெறைய ஆளுங்க. அப்படிப்பட்டவள மேல்படிப்புக்குன்னு இங்கிலாந்துக்கு அனுப்பி, ஒரு கட்டில், ஒரு மேசை, தானாப் பூட்டிக்கிற ஒரு கதவு, இந்தா வச்சுக்கன்னு குடுத்தா என்ன செய்வா? பயந்தேன். வெக்கத்த விட்டுச் சொல்றேன், பயந்துதான் போனேன்.

கதவு தானாப் பூட்டும்னு தெரியாம மொத நாளே சாவிய உள்ள வச்சுட்டு வெளிய நின்னேன். மறுநாள் பசி. எல்லாரும் சமைக்கிற பொதுக் குசினி கீழ இருந்துச்சு. அங்க நாலு பேர் சிரிச்சுப் பேசுற சத்தம் கேட்டுப் பாதிப் படியிலயே திரும்பி வந்து, அம்மா கட்டிக் குடுத்த முறுக்கத் தின்னுட்டுப் படுத்தேன். ஊர்ல என்னை வாயாடின்னுதான் சொல்லுவாங்க. அந்த வாய் எங்க போச்சுன்னு தெரியல.

எல்லாத்தையும் விட அந்த அமைதிதான் பயம். எங்க லயத்துல சுவர்னு பேருதான். அந்தப் பக்கம் அத்தை இருமினா, இந்தப் பக்கம் இருந்துக்கிட்டே "கொத்தமல்லி போட்டுக் குடிங்க மதினி"ன்னு அம்மா சொல்லும். சொந்த அத்தை இல்ல, அடுத்த காம்பரா அத்தை. லயத்துக்குப் பின்னால மலை. அடைமழை பேஞ்சா அது எப்ப சரிஞ்சு இறங்கும்னு யாருக்கும் தெரியாது. அதனால மழை நேரத்துல யாராவது சுவரத் தட்டுவாங்க. இருக்கீங்களான்னு கேக்குறதுதான் அது. நாம திருப்பித் தட்டணும். தட்டலன்னா அடுத்த நிமிசம் ஆள் வாசல்ல நிக்கும்.

நான் வந்து மூணாம் நாள் சாயங்காலம் அம்மா கோல் பண்ணுச்சு. அங்க ராத்திரி ஆயிருச்சு. மழை இரைச்சல்ல பாதிப் பேச்சு கேக்கல. மலையில வெடிப்பு விழுந்திருக்காம், எல்லாரையும் மேல ஸ்கூலுக்குப் போகச் சொல்லிட்டாங்களாம். "ஒங்கப்பா வர மாட்டேங்குறாரு புள்ள. வருசா வருசம் இதத்தான் சொல்றானுங்கன்னு இழுத்துப் போத்திப் படுத்திருக்காரு."

"தம்பியக் கூட்டிக்கிட்டு நீ போம்மா"ன்னேன்.

"அவர விட்டுட்டு எங்க போறது?"

அதோட லைன் கட்டாயிருச்சு. திரும்பப் போட்டேன், போகல. தம்பிக்குப் போட்டேன், அதுவும் போகல. கையும் ஓடல, காலும் ஓடல. வாட்ஸ்அப்புல பேசிப் பேசி அனுப்பினேன். "எந்திரிச்சுப் போங்கப்பா, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், போங்கப்பா." மலைக்கு மலை கூப்புட்டுப் பழகின தொண்டை. எவ்வளவு சத்தமாக் கத்தினேன்னு எனக்கே தெரியல.

அப்பதான் சுவர்ல தட்டுற சத்தம் கேட்டுச்சு.

சாமி சத்தியமாச் சொல்றேன், போன உசுரு திரும்பி வந்துச்சு. கை தானாப் போயித் திருப்பித் தட்டுச்சு. அந்தப் பக்கம் இன்னும் பலமாத் தட்டினாங்க. நானும் பலமாத் தட்டினேன். ஐயோ பாவம், அங்க என்னமோ ஆயிருச்சு போலன்னு வெறுங்காலோட ஓடிப்போய் அந்தக் கதவத் தட்டினேன்.

என் வயசுப் பொண்ணு ஒண்ணு தெறந்துச்சு. கழுத்துல ஹெட்ஃபோன், மூஞ்சில எரிச்சல். என்ன ஒதவி வேணும்னு கேட்டேன். அது என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, ரொம்பச் சத்தமா இருக்கு, கொஞ்சம் மெதுவாப் பேச முடியுமான்னு கேட்டுச்சு. மரியாதையாத்தான் கேட்டுச்சு. அந்த எடத்துலயே நான் செத்துட்டேன். சாரின்னு சொல்லிட்டுத் திரும்பினா, என் கதவு பூட்டிக் கெடக்கு. சாவி உள்ள. ஃபோனும் உள்ள.

அந்த ஃபோன் அடிக்க ஆரம்பிச்சுச்சு.

கதவ உலுக்கினேன். அடிச்சு நின்னுச்சு, மறுபடி அடிச்சுச்சு. பக்கத்துக் கதவத் திரும்பத் தட்ட எனக்குத் தைரியம் வரல. கீழ ஓடிப்போய்க் காவலாளியக் கூட்டிக்கிட்டு வந்தேன். அந்த மனுசன் ஆடி அசைஞ்சு படியேறி வந்து தெறந்தப்ப ஃபோன் அடங்கிப்போச்சு. தெரியாத நம்பர். உடனே திரும்பப் போட்டேன்.

அம்மாதான் எடுத்துச்சு. "ஸ்கூல்லதான் இருக்கோம் புள்ள. இது அத்தை மகன் ஃபோன். எல்லாரும் வந்துட்டோம்."

அத்தை சுவரத் தட்டுனுச்சாம். தட்டினா அதுக்கும் பதில் சொல்லணுமான்னு அப்பா அம்மாவைத் திருப்பித் தட்ட விடலையாம். சத்தம் வரலன்னதும் அத்தை மகனோட வந்து, அப்பாவப் போர்வையோட தூக்கி வெளிய போட்டுருச்சாம். "நாங்க ரோட்டுக்குக்கூட ஏறல, அதுக்குள்ள பின்சுவரு இடிஞ்சு மண்ணு உள்ள வந்துருச்சு. காம்பரா இல்ல இனி."

ஒங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையேன்னு, பக்கத்து ரூமுக்குக் கேக்காம குசுகுசுன்னு கேட்டேன். தலையணைய வாயில அமுக்கிக்கிட்டு அழுதேன்.

"ஏன் புள்ள ரகசியம் மாதிரி பேசுற? அங்க தனியாவா இருக்க? பக்கத்து ரூம்ல யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. இப்பதான் சுவரத் தட்டினாங்க."

"நீ திருப்பித் தட்டினியா?"

"தட்டினேம்மா."

"அப்ப சரி"ன்னுச்சு எங்கம்மா, வீட்டப் பறிகுடுத்துட்டு ஸ்கூல் தரையில ஒக்காந்துக்கிட்டு. "இனி ஒன்னப் பத்தி எனக்குப் பயமில்ல."