கண்ணாடியில் வைத்த குங்குமம்

எங்கள் தொழிற்சாலையின் கன்ட்ரோல் ரூமில் ஒரு பழைய கலர் டெர்மினல் இருந்தது. 2006லேயே கடலூர் சிப்காட்டில் அதைவிடக் கிழடு வேறு இருந்திருக்காது. பின்பக்கம் பழைய டிவி மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். கறுப்பையும் சேர்த்து மொத்தம் எட்டே நிறம். அந்த எட்டை வைத்துக்கொண்டு ஆலை முழுவதையும் கோடும் வட்டமுமாக வரைந்து காட்டிவிடும். தண்ணீர்த் தொட்டி ஒரு பச்சை வட்டம். நிரம்பி வழியப்போனால் அதே வட்டம் சிவப்பாகும். சத்தம் போடாது, நாம்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அதன் மேல் அப்படி ஒரு பிரியம். யாராவது குறை சொன்னால் சுள்ளென்று கோபம் வரும்.

என் மனைவியின் தம்பியை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. ஆனதும் கல்யாணம் என்று வீட்டில் பெண்ணே பார்த்து வைத்திருந்தார்கள்.

ஆயுத பூஜையன்று ஆலையை நிறுத்தி, டெர்மினலையும் அணைத்திருந்தோம். கறுத்துக் கிடந்த கண்ணாடியில் நான் தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். விடுமுறை முடிந்து வந்து போட்டால், பொட்டு சரியாகத் தண்ணீர்த் தொட்டி வட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. துடைத்துவிடட்டுமா என்று மச்சான் துணியோடு வந்தான். பூஜையில் வைத்ததைத் துடைப்பார்களா, தானாக உதிரட்டும் என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

அன்று மத்தியானம் வட்டம் சிவந்தது. மச்சானை வடை வாங்க அனுப்பிவிட்டு, அது குங்குமம்தான் என்று நினைத்து நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். தொட்டி வழிந்து, தண்ணீர் பக்கத்து அறைக்குள் புகுந்து, மோட்டார் கருகிப்போயிற்று.

இன்ஜினியர் வந்து திரையைப் பார்த்தார். இதை வைத்தது யார் என்று கேட்டார்.

“நான்தான் சார் வச்சேன். பாத்துக்கிட்டிருந்ததும் நான்தான்” என்றான், வடைப் பொட்டலத்தோடு வந்து நின்ற மச்சான்.

அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள். சிதம்பரம் பஸ்ஸில், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“உங்க வேல போனா அக்கா புள்ளைங்க என்னா பண்ணும் மாமா? எனக்கு வேற எடம் கெடைக்கும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் என் மனைவி அவனைப் பிடித்துக்கொண்டாள். “மாமா அவ்ளோ கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்த வேலைய இப்டியா கெடுப்ப?”

நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்க்காமலே, ரசம் ஊற்றச் சொல்லி அவளிடம் தட்டை நீட்டினான். பெண் வீட்டார் பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவியிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.