வக்காலத்தில் இல்லாத பெயர்

திருச்செங்கோட்டு வக்கீல்களில் பலருக்கு உஷாராணியைப் பிடிக்காது. சிரிக்கமாட்டாள். எதிர்த்தரப்பு வாய்தா கேட்டால் விட்டுக்கொடுக்கமாட்டாள். டீக்கடையில் நின்று பேசமாட்டாள். அவளுக்கும் அவர்களைப் பிடிக்காது, அதை அவள் மறைப்பதுமில்லை. இதில் ஒரு நேர்மை இருப்பதாக வேண்டுமானால் சொல்லலாம். அதற்கு மேல் புகழ ஒன்றுமில்லை.

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் குடும்பம் அவளுடையது. சட்டம் படித்து முடித்ததும் மருதாசலத்திடம் ஜூனியராகச் சேர்ந்தாள். நிலத் தகராறுகளில் அந்தப் பக்கத்தில் அவர் பெரிய பெயர். சில ஆண்டுகள் தொழில் பழகுவது, பிறகு தனி அலுவலகம் போடுவது என்பது அப்போது அவளிடம் இருந்த திட்டம். இளவயதில் போடும் திட்டங்களில் மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே வருவார்கள். மருதாசலமும் அப்படித்தான் வந்தார்.

கட்சிக்காரர் தன் வழக்கை நடத்த வக்கீலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வக்காலத்து. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அந்த வழக்கின் வக்கீல். பல அலுவலகங்களில் சீனியர் பெயருக்குக் கீழே ஜூனியர் பெயரையும் சேர்ப்பார்கள். மருதாசலம் சேர்க்கமாட்டார். வழக்குரையை உஷாராணி எழுதுவாள், அவர் சார்பில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வாள், தீர்ப்பில் அவர் பெயர் மட்டும் வரும். முதலில் இது அவளுக்கு உறைக்கவில்லை. பழகுகிறவளுக்குப் பெயர் எதற்கு என்று அவளே நினைத்திருந்தாள்.

திருமணமாகி மகள் பிறந்தபின் திட்டம் மாறியது. சிவில் நீதிபதி தேர்வு எழுதலாம் என்று தீர்மானித்து, குழந்தை தூங்கும் நேரத்தில் படித்தாள். தேர்வு நெருங்கிய வாரத்தில் மருதாசலம் குடும்பத்தோடு வெளியூர் போனார். அவருடைய வழக்குகளையெல்லாம் இவள்தான் பார்த்தாள். படிக்காமல் போய் எழுதினாள், தேறவில்லை. அடுத்த அறிவிப்பு வந்தபோது வயது கடந்திருந்தது. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்பது யாருக்கும் தெரியாது. வேண்டுமென்று செய்யாத கெடுதலை மன்னிப்பது இன்னும் கடினம். செய்தவர் அதை நினைவில்கூட வைத்திருக்கமாட்டார்.

மூன்றாவது திட்டம் மாவட்ட நீதிபதி பதவிக்கான நேரடித் தேர்வு. தான் நடத்திய வழக்குகளின் விவரத்தை அதற்குத் தரவேண்டும். எடுத்துக் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. இத்தனை காலம் தொழில் செய்த ஒருத்தி, எந்தத் தீர்ப்பிலும் இல்லை. அவள் மருதாசலத்தின் அறைக்குப் போய், இனிமேல் வரும் வக்காலத்துகளில் தன் பெயரையும் சேர்க்கும்படி கேட்டாள்.

அவர் படித்துக்கொண்டிருந்த வழக்குக் கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உம்பட பேரப் பாத்தா அம்மிணி கட்சிக்காரன் வாரான்?"

"கட்சிக்காரன் உங்க பேரப் பாத்துத்தானுங்க சார் வாரான். வந்தவன் எங்கிட்டத்தான் பேசறான்."

"அப்ப அவங்களையே கூட்டிட்டுப் போயிரு. யாரு வாராங்கன்னு பாக்கலாம்."

அன்றே அவள் வெளியேறினாள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு கட்சிக்காரர் அவள் பின்னால் போவார் என்பதை அதைவிடவும் எதிர்பார்க்கவில்லை.

அது முத்தாயம்மாள். அப்பா விட்டுப்போன நிலத்தில் பங்கு கேட்டுத் தம்பி மீது வழக்குப் போட்டிருந்தவர். வக்கீலை மாற்ற, பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். மருதாசலம் எழுதிக் கொடுக்க மறுத்தார். தம்பியைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டிய நாளில் முத்தாயம்மாளின் வற்புறுத்தலில் உஷாராணி எழுந்து நின்றாள். மருதாசலமும் எழுந்தார்.

"ஐயா, இந்த வழக்குல இவங்களுக்கு வக்காலத்து கெடையாது. இந்தக் கட்டுல இவங்க பேரே எங்கயும் இல்லைங்க."

அவர் சொன்னது உண்மை. அந்தக் கட்டின் ஒவ்வொரு தாளையும் அவள்தான் எழுதியிருந்தாள் என்பதும் உண்மை. ஆனால் நீதிமன்றத்துக்கு முதல் உண்மைதான் தேவைப்பட்டது. உங்கள் வக்கீல் யார் என்று நீதிபதி முத்தாயம்மாளைக் கேட்டார்.

"இந்தப் புள்ளதானுங்க சாமி. இவருகிட்ட நான் ஒருக்காதான் பேசியிருக்கறனுங்க. அன்னைக்கும் எம்பட பேர மாத்திச் சொன்னாருங்க."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. வக்கீலை மாற்ற மனுப் போடச் சொல்லி வழக்கைத் தள்ளி வைத்தார். மருதாசலம் கடுமையாக ஆட்சேபித்தும் மனு அனுமதிக்கப்பட்டது. அந்த வழக்கில் முத்தாயம்மாளுக்குப் பங்கு கிடைத்தது. உஷாராணியின் பெயர் முதன்முறையாக ஒரு தீர்ப்பில் வந்தது. மாவட்ட நீதிபதித் தேர்வுக்கு அதற்குள் காலம் போயிருந்தது. அவள் அதற்காக அழுததாகத் தெரியவில்லை.

மருதாசலத்தின் அலுவலகத்துக்கு நேர் எதிரில் அறை பிடித்தாள். அவரை எதிர்த்து யார் வழக்குக் கொண்டுவந்தாலும் ஏற்றுக்கொண்டாள். அவருடைய மனுக்களில் ஓட்டை தேடியே சட்டத்தை மறுபடி படித்தாள், அதுவரை படித்ததைவிட நன்றாகப் படித்தாள். மூன்று திட்டங்கள் தராத தொழிலை ஒரு பகை அவளுக்குத் தந்தது. சிந்தித்துப் பார்த்தால் இது மகிழத்தக்க முடிவல்ல. ஆனால் நடந்தது இதுதான்.

ஜலகண்டாபுரத்திலிருந்து வெண்ணிலா என்கிற பெண் அவளிடம் ஜூனியராகச் சேர்ந்திருக்கிறாள். உஷாராணி அவளைக் கனிவாக நடத்துவதில்லை. வெண்ணிலா எழுதும் வழக்குரைகளைச் சிவப்பு மையால் கிழிக்காத குறையாகத் திருத்துவாள். போன மாதம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் கூட்டாளிகளான இருவருக்குள் ஒரு வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் மருதாசலம். சாட்சி கூண்டில் ஏறியதும் உஷாராணி உட்கார்ந்தபடியே வெண்ணிலாவைப் பார்த்துத் தலையசைத்தாள். வெண்ணிலா எழுந்தாள்.

மருதாசலம் பாதி எழுந்தார்.

"இந்தப் பொண்ணு எந்த வக்காலத்துலங்க நிக்குது?"

நீதிபதி கட்டைப் புரட்டினார். இரண்டாவது பெயர் வெண்ணிலா என்று படித்தார். மருதாசலம் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை உஷாராணி முழுவதும் பார்த்தாள். வெண்ணிலா கேட்ட கேள்விகளில் பாதியைக்கூட அவள் கவனித்திருக்கமாட்டாள்.

வெளியே வந்ததும் வெண்ணிலா நன்றி சொல்ல முயன்றாள். தன்கூடப் படித்த யாருக்கும் இத்தனை சீக்கிரம் பெயர் சேர்க்கவில்லை என்றாள்.

"உனக்காகச் சேர்க்கல. அந்தாளு பாக்கோணும்னு சேர்த்தேன்," என்றாள் உஷாராணி. பிறகு, கேள்விகளில் மூன்று தேவையில்லாதவை என்று சொல்லி, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தாள்.

வெண்ணிலா நின்றுகொண்டிருந்தாள். வெறுப்பில் கிடைத்தாலும் அந்தப் பெயர் அவளுடையதுதான். அடுத்த வழக்கின் வக்காலத்திலும் அது இருக்கிறது. அந்த வழக்கில் மருதாசலம் இல்லை.