மாப்பிள்ளை ஏத்தின மென்பொருள்

மென்பொருள் எழுதுறது பெரிய வேலையில்லை. அதைப் பொதி செய்து மற்றவையின்ரை கணினியிலை ஏத்தி ஓடவைக்கிறதுதான் சீவனை வாங்கிற வேலை. இதிலை நிண்டு சீரழிஞ்சவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் செய்தது சாதகம் கணிக்கிற மென்பொருள். அது என்ரை கலியாணத்தையே குழப்பப் பாத்தது.

ஒண்டோடை இன்னொண்டு

முதல் வாங்கினவர் சண்டிலிப்பாய்ச் சாத்திரியார். என்ரை மென்பொருள் ஓட, அடியிலை ‘ரன்டைம்’ எண்டு வேறொண்டு இருக்கவேணும். அவரிட்டை இருந்தது பழசு. புதுசை ஏத்த வெளிக்கிட்டன். மனிசன் கண்ணாடியை மூக்கிலை இறக்கிவிட்டு என்னையே பாத்தார்.

“தம்பி, நான் கேட்டது ஒண்டு, நீர் ஏத்திறது ரெண்டு. மற்றது ஆற்றை ஆள்? கழட்டும்!”

ஒரு பிள்ளை, ரெண்டு லக்கினம்

அடுத்து வாங்கினவ கொடிகாமத்திலை அச்சகம் நடத்திற ஒரு அக்கா. அவவிட்டை இருந்தது புது ரன்டைம். அரசாங்கம் தொண்ணூற்றாறிலை மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிப் ‘புது நேரம்’ எண்டு வைச்சு, பிறகு பின்னுக்கு இழுத்தது ஞாபகம்தானே? அந்தக் காலத்துப் பிள்ளையளின்ரை நேரத்தை, சாத்திரியாரிட்டை விட்டிட்டு வந்த பழைய ரன்டைம் பிழையாய்க் கணக்குப் பாத்திருக்கு. அக்காவின்ரை மகளுக்குச் சண்டிலிப்பாயிலை ஒரு லக்கினம், கொடிகாமத்திலை வேறொண்டு. அக்கா பிடிச்சுக்கொண்டா.

“பிள்ளை பிறந்தது ஒருக்கா. நீ ஏனடா ரெண்டுதரம் பிறக்க வைச்சனி?”

எட்டிலை செவ்வாய்

இனி ஒருத்தற்றை ரன்டைமையும் நம்பேலாது எண்டு, சரியானதை மென்பொருளுக்குள்ளையே வைச்சுப் பொதி செய்தன். அந்த நேரம் பாத்து இணுவிலிலை எனக்குப் பொம்பிளை பாத்திச்சினம். எனக்கு நல்லாய்ப் பிடிச்சுப்போச்சு. அவை பொருத்தம் பாக்கப் போனது, ஐயோ, அதே சாத்திரியாரிட்டை! பழைய ரன்டைம் பொம்பிளைக்கு எட்டிலை செவ்வாய் எண்டிட்டுது. எனக்குச் செவ்வாய் இல்லை. பொருத்தமில்லையாம்.

விழுந்தடிச்சு ஓடிப்போய்ச் சாத்திரியாரின்ரை கணினியிலை புதுப் பொதியை ஏத்தினன். செவ்வாய் எட்டை விட்டுப் போட்டுது, பொருந்திச்சு. பக்கத்திலை இருந்த பொம்பிளையின்ரை தகப்பன் முகத்தைச் சுழிச்சார். “மாப்பிள்ளை தொடுமட்டும் பொருந்தேல்லை, தொட்டவுடனை பொருந்துதோ? கையாலை போடுங்கோ!”

சாத்திரியார் பஞ்சாங்கத்தை விரிச்சார். “அட, பிள்ளை பிறந்தது புது நேரத்திலை எல்லோ” எண்டு கையாலை கணிச்சார். அதுவும் பொருந்திச்சு. எனக்குப் போன உசிர் திரும்பி வந்தது. தகப்பன் என்னையும் சாத்திரியாரையும் மாறி மாறிப் பாத்தார்.

“எனக்கென்னவோ, உவர் சாத்திரியாருக்குள்ளையும் எதையோ ஏத்திப்போட்டார்.”

கலியாணம் முடிஞ்சுது, ஆனால் நான் வீட்டு வாசலிலை கால் வைச்சால், மாமா இண்டைக்கும் தன்ரை கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள்ளை ஒளிச்சுப்போட்டுத்தான் “வாங்கோ மருமோன்” எண்டுறார்.