கூடுவாஞ்சேரித் தண்ணீர்

நாங்கள் கூடுவாஞ்சேரிக்குக் குடிபோகாமல் போனதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா சொல்வாள், தம்பி சொல்வான். சொந்தக்காரர் யாராவது சென்னைப் பக்கம் வீடு பார்க்கக் கிளம்பினால் அவர்களுக்கும் இந்தக் கதை புத்திமதியாக வந்து சேரும். அப்பா மட்டும் சொல்வதில்லை. உண்மையான காரணம் நான்தான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதை நான் இன்னும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. சைதாப்பேட்டையில் மூன்று பேரோடு ஒரு அறையில் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு மரக்காணத்தில் வந்து இறங்குவார். திங்கட்கிழமை நான் கண்விழிக்கும்போது கொடியில் அவருடைய லுங்கி மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இதுதான் ஏற்பாடு. மற்ற பிள்ளைகளுடைய அப்பாக்கள் தினமும் வீட்டில் இருப்பதுதான் எனக்கு விநோதமாகப் பட்டது. சனிக்கிழமை வந்தால் அம்மா வீட்டைப் பெருக்கி, தம்பியைக் குளிப்பாட்டிவிடுவாள். நானும் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விருந்தாளி வருகிற வீட்டில் அப்படித்தானே இருப்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். சென்னைக்குள் வாடகை கட்டுப்படியாகாது. ஆனால் எலக்ட்ரிக் டிரெயின் போகிற தூரத்தில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கக்கூடிய ஒரு ஊரைப் பிடித்துவிட்டால் தினமும் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இதற்காக வேலை முடிந்ததும் நேராக அறைக்குப் போகாமல், நாளுக்கு ஒரு ஸ்டேஷனாக இறங்கிப் பார்க்க ஆரம்பித்தார். பல்லாவரத்தில் தொடங்கி வரிசை தவறாமல் தெற்கே வந்தார். பார்த்ததையெல்லாம் தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார்.

ஒரு ஊரை எடைபோட அவர் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து அந்தத் தெருவுக்கு இரண்டு தடவை நடப்பார். ஒரு தடவை தன் வேகத்தில், இன்னொரு தடவை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா நடக்கும் வேகத்தில். பிறகு தெருமுனைக் கடையில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் நின்று பார்ப்பார். ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளைகள் தனியாகத் தெருவில் சைக்கிள் ஓட்டினால் அந்தத் தெருவுக்கு ஒரு டிக். ஆட்டோக்காரர்கள் பிள்ளைகளைப் பார்த்து வேகத்தைக் குறைத்தால் இன்னொரு டிக். கூடுவாஞ்சேரியில் ஒரு தெரு எல்லா டிக்கையும் வாங்கிவிட்டது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், சர்ச் இரண்டு தெரு தள்ளி, ஸ்டேஷன் ஏழு நிமிஷம், அம்மா வேகத்தில் பதினொன்று. அந்தத் தாளில் தண்ணீர் என்று எழுதிய இடம் மட்டும் காலியாக இருந்தது. "அத நீங்களே வந்து பாத்துக்குங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் பார்ப்பது லேசான காரியம் இல்லை. உப்பளத்தைச் சுற்றிய ஊர். கிணற்றுத் தண்ணீர் புழங்குவதற்கு மட்டும்தான், குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு தூரம் போகவேண்டும். பெண் கேட்டு வருகிறவர்களிடம் மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்கு முன்னால் அவர்கள் ஊர்த் தண்ணீரை விசாரிப்பார்கள். அம்மா அனுமந்தையில் கடற்கரையில் வளர்ந்தவள். எதைக் குடித்தாலும் "நல்லாத்தான் இருக்குது" என்பாள். அவளுடைய நாக்கை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. அப்பாவுக்குப் பிரம்மதேசம், வயற்காட்டுக் கிணற்றில் குடித்து வளர்ந்த நாக்கு. அந்த நாக்கு எனக்கும் வந்திருப்பதில் அவருக்கு ஒரே பெருமை. கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், எங்கே தண்ணீர் கிடைத்தாலும் முதலில் என்னிடம் நீட்டி, "சொல்லும்மா" என்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு பெரிய மனுஷி மாதிரித் தீர்ப்பு சொல்வேன்.

அந்த வருஷம் எனக்குப் புதுநன்மை. எங்கள் பங்கில் ஜூன் மாதத் திருவிழாவில்தான் பிள்ளைகளுக்கு முதல்முதலாக நற்கருணை கொடுப்பார்கள். வெள்ளைக் கவுன், தலையில் நெட், கையில் மெழுகுவர்த்தி, ஊரே பார்க்க வரிசையாக நடந்து போகவேண்டும். சிஸ்டர் என்னை முதல் வரிசையில் போட்டிருந்தார். கவுனுக்கான துணியைக்கூட அப்பாதான் சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தார். மே மாதம் குடிபோனால் இதெல்லாம் போச்சு. அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அங்கயும் கோயில் இருக்குது. அடுத்த வருஷம் எடுத்துக்கலாம், இன்னா இப்ப" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். என்னோடு படித்தவர்கள் இங்கே முதல் வரிசையில் நடக்க, நான் வேறு ஏதோ ஓர் ஊரில் அடுத்த வருஷத்துப் பொடிசுகளோடு நிற்பதை நினைத்து எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவிடம் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. சனிக்கிழமை வருகிறவரிடம் இதையெல்லாம் கேட்டு எனக்குப் பழக்கம் கிடையாது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசையை முடித்துக்கொண்டு கிளம்பினோம். திண்டிவனத்தில் பஸ் மாறினோம். அப்பா வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வந்ததும் தம்பியைக் கூட்டிப்போய் ரயில் காட்டுவாராம். எனக்கு அவரே கணக்கு சொல்லிக்கொடுப்பாராம். தினமும் அம்மா கையால் சூடாக ஒரு வாய் சாப்பிடுவாராம். அம்மா போன வாரமே கோழிகளை அனுமந்தையில் சின்னம்மாவிடம் கொண்டுபோய் விட்டிருந்தாள். வீடு பார்ப்பதெல்லாம் அவளுக்கு வெறும் சம்பிரதாயம்தான்.

மாடி போர்ஷன். வீட்டுக்கார அம்மா எங்களை உட்காரவைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். அம்மா சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து ஸ்டேஷன் மேம்பாலத்துப் படிக்கட்டு தெரிந்தது. "இங்கேர்ந்து பாத்தா நீங்க எறங்கி வர்றது தெரியும்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். தம்பி அதற்குள் எந்த மூலையில் தன் சைக்கிளை நிறுத்துவது என்று முடிவுசெய்துவிட்டான்.

கடைசியாகக் கீழே போர் குழாயடிக்கு வந்தோம். அப்பா குழாயைத் திறந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சொல்லும்மா" என்றார். கையில் ஏந்திக் குடித்தேன். அப்படி ஒரு தண்ணீரை நான் அதுவரை குடித்ததில்லை. பிரம்மதேசத்துக் கிணற்றுத் தண்ணீரைவிட நன்றாக இருந்தது.

"உப்பா இருக்குதுப்பா" என்றேன்.

வீட்டுக்கார அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "போர் போட்ட நாள்லேர்ந்து யாரும் அப்பிடிச் சொன்னதில்லியே பாப்பா" என்று தானும் ஒரு கை அள்ளிக் குடித்தார். குடித்துவிட்டு யோசித்தார். இத்தனை வருஷம் குடித்த தண்ணீர்மேல் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மா குடித்துப் பார்த்து வழக்கம்போல "நல்லாத்தான் இருக்குது" என்றாள். தம்பிகூடச் சிரித்தான். அன்றைக்கு அந்தக் குழாயடியில் உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான்.

பிறகு அப்பா குடித்தார். ஒரு கை குடித்துவிட்டு இன்னொரு கை அள்ளினார். அவர் குழாயை மூடாமலே என்னைப் பார்த்து, "நல்லா பாத்துச் சொல்லு" என்றார்.

"லேசா இருக்குது. ஆனா உப்புதான்பா."

"சரி" என்றார். பையிலிருந்த காலி பாட்டிலை எடுத்து அந்தக் குழாயிலேயே நிரப்பி மூடி உள்ளே வைத்துக்கொண்டார். வீட்டுக்கார அம்மாவிடம், "யோசிச்சிட்டு போன் பண்றேங்க" என்றார். நாங்கள் கிளம்பினோம்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா கொஞ்சம் தள்ளிப் போய் நின்று செல்போனில் பேசினார். "தண்ணி சரிப்படலீங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றது எங்களுக்கும் கேட்டது. அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மரக்காணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "அங்க போயும் உப்புத் தண்ணிதான்னா எதுக்குப் போவணும்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். கோழிகளைத் திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் அவை சின்னம்மாவிடமே இருந்துவிட்டன. அப்பா அதற்குப் பிறகு எந்த ஸ்டேஷனிலும் இறங்கிப் பார்க்கவில்லை. காலண்டர் தாள்களில் நான் படம் வரைந்தேன்.

புதுநன்மைக்கு முதல்நாள், செய்த பாவத்தைப் பங்குச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனம். முழங்கால் போட்டு, "பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய், யாரிடம் என்று சாமி கேட்கவில்லை. வெளியே இன்னும் முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மூன்று தடவை அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து சொன்னேன். கணக்கு தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் முதல் வரிசையில் நடந்தேன். அப்பா கோயில் வாசலில் தம்பியைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு பார்த்தார். கவுன் அருமையாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அன்று போட்டதோடு சரி. அடுத்த வருஷம் அது எனக்குப் பற்றவில்லை.

அப்பா இன்னும் பதினான்கு வருஷம் சனிக்கிழமைகளில் வந்தார். மெஸ் சாப்பாட்டில் அவருக்குச் சர்க்கரை வந்தது. அதையும் மூன்று மாதம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார். தம்பி அவரிடம் பேசுவதற்கு என்னைத் தூது அனுப்புகிற அளவுக்குக் கூச்சக்காரனாக வளர்ந்தான். அப்பா ஓய்வுபெற்றுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்த அதே மாதம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்து நான் பெட்டியோடு கிளம்பினேன். லீவு நாட்களைக் கழித்துவிட்டால், நானும் அவரும் மரக்காணத்து வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சேர்ந்து கழித்ததில்லை. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு என்மேல் கோபம் வரும். பத்து வயசுப் பிள்ளைதானே என்று சமாதானம் சொல்லிப் பார்ப்பேன், அது நிற்பதில்லை.

இப்போது நான் ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன், கூடுவாஞ்சேரிக்கு முந்தின ஸ்டேஷன். வீடு பார்த்தபோது நானும் அப்பாவைப் போலவே சாயங்காலத்தில் தெருமுனையில் நின்று, பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்களா என்று பார்த்தேன். அப்பா வந்தால் இரண்டு நாள் இருப்பார். நாற்காலியின் நுனியில் உட்காருவார். ஃபேனைப் போட என் மகளிடம் அனுமதி கேட்பார். சாயங்காலம் ஏழு மணிக்கு, நான் வரச்சொல்லாமலே, ஸ்டேஷன் படிக்கட்டின் கீழே வந்து நிற்பார். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்து வருவோம். பேசுவதற்கு அதிகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் அன்றைக்குச் சொன்ன பொய்யை இன்று சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும்.

சொல்ல என்ன இருக்கிறது, அவருக்குத்தான் தெரியுமே. இதுவரை நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ் மேல்மருவத்தூரைத் தாண்டியிருக்கும். நல்ல வெயில். அம்மாவும் தம்பியும் முன் சீட்டில் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தொண்டை வறண்டுபோய், "தண்ணி இருக்குதாப்பா" என்று கேட்டேன். அப்பா பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து கொடுத்தார். மூச்சுவிடாமல் பாதிக்கு மேல் குடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், "நல்ல தண்ணிப்பா" என்று தீர்ப்பும் சொன்னேன்.

அப்பா பாட்டிலை வாங்கி மூடினார். "போதுமாம்மா?" என்று கேட்டார். போதும் என்றேன். அதற்குப் பிறகு திண்டிவனம் வரைக்கும் அவர் பேசவில்லை.

அது எந்தக் குழாயில் பிடித்த தண்ணீர் என்று எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கவுனுக்காக என்று அழுதுகொண்டே சொல்லியிருப்பேன். அவர் சிரித்திருப்பார். ஜூலையில் குடிபோயிருப்போம். அவர் கேட்கவில்லை. தினமும் தன்னோடு இருக்க இந்தப் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டு, இறங்கினதும் போன் செய்தார். நான் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்துவிட்ட சந்தோஷத்தில், அவர் பேசி முடித்துவிட்டு வந்ததும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.