மூடிக்கு அடியில் என்ன?

என் அம்மா லெய் சியூலாய் மக்காவின் சூதாட்ட விடுதியொன்றில் சீட்டுப் போடுபவள். என்னை வயிற்றில் சுமந்தபோதும் அந்தப் பச்சைத்துணி மேசைக்குப் பின்னால்தான் நின்றாளாம். ஆனால் அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. இருபத்தோரு வயது ஆகாதவர்களைக் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். ஒருமுறை ஒட்டுமீசையோடு போனேன். மீசை நன்றாகத்தான் இருந்தது. பள்ளிப் பாவாடையை மாற்ற மறந்துவிட்டேன்.

இந்த ஆண்டு விடுதிக்காரர்களுக்கு ஞானம் பிறந்தது. சூதாட வருகிறவர்களைவிடச் சாப்பிடவும் பாட்டுக் கேட்கவும் வருகிறவர்கள் கூடிவிட்டார்களாம். அம்மாவின் கூடத்தில் சீட்டு மேசைகளைத் தூக்கிவிட்டு மேடை போட்டார்கள். அம்மாவுக்குப் பரிமாறும் வேலை. முதல் நாள் மதியக் காட்சியில் தேறினால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

சூதாட்டம் போன கூடத்தில் வயது கேட்பாரில்லை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, மூலை மேசையில் ஒரு முட்டை டார்ட் இனிப்போடு உட்கார்ந்தேன்.

அம்மா பெரிய மேசைக்கு மூடி போட்ட தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் சாப்பாட்டுக் குச்சிகளை நீட்டினார்கள். அவள் கை தானாகவே மேசைக்குக் குறுக்கே வீசியது.

“கையை எடுங்க! பந்தயம் முடிஞ்சுது!”

குச்சிகள் அந்தரத்தில் நின்றன. அதோடு விட்டாளா? கைகளை ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் கூரையிலிருந்த காமிராவுக்குக் காட்டினாள். பந்தயச் சில்லு எதையும் சுருட்டவில்லை என்று சீட்டுப் போடுபவர்கள் காட்டுகிற வழக்கம். இங்கே சுருட்ட என்ன இருக்கிறது, சோயா சாஸா?

பாட்டுக்காரி பாட்டை நிறுத்தினாள். மேலாளர் குவோக் டையை இறுக்கிக்கொண்டு கிளம்பினார். அம்மாவின் காதுகள் சிவந்தன. அழுவதற்கு முன்னால்தான் அவை அப்படிச் சிவக்கும்.

நாற்காலி மேல் ஏறினேன்.

“அக்கா! என் பந்தயம் மீன் மேல!”

பெரிய மேசையில் ஒரு கிழவர் துள்ளி எழுந்தார். “மீனா? போடி பைத்தியமே! மோந்து பாரு, பன்னிக்கறி!”

“நண்டு!”

“வாத்து! வாத்துதான்!”

மேசைக்கு மேசை தீ பிடித்தது. டிரம்ஸ்காரன் சும்மா இருப்பானா, உருட்டத் தொடங்கினான்.

அம்மா என்னைப் பார்த்தாள். ‘வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு’ என்ற பார்வை. பிறகு முதுகை நிமிர்த்தி, மூடியை ராணி மாதிரி தூக்கினாள்.

“வாத்து ஜெயிச்சுது! தோத்தவங்க எல்லாம் எழுந்து ஆடணும்!”

பாட்டுக்காரி மறுபடி பாடத் தொடங்க, கூடமே ஆடியது. கிழவர் குவோக்கின் டையைப் பிடித்து இழுத்தார்.

“நீ எது மேலப்பா கட்டினே?”

“நான் எதுலயும் கட்டலையே…”

“அப்ப நீயும் ஜெயிக்கல. ஆடு!”

பாட்டு முடிந்ததும் குவோக் மூச்சு வாங்க வந்தார். “சியூலாய், சாயங்காலமும் இதையே பண்ணு. நாளைக்கும் பண்ணு. வேலை உனக்குத்தான். ஆமா, நாற்காலி மேல ஏறிச்சே ஒரு பொண்ணு, அது உன் ஏற்பாடா?”

“யாருன்னே தெரியாது சார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட ஏதோ கழுதை” என்று சொல்லிக்கொண்டே, சமையலறையிலிருந்து எடுத்துவந்த வாத்துத் தொடையை என் தட்டில் வைத்தாள் அம்மா.